பயணிகள்: ஒருவர்

ஓடோமீட்டர்: ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து நாற்பது.
பெட்ரோல்: கால் டேங்குக்கும் கீழே.
இடம்: மிசௌலா, சூப்பர் மார்க்கெட்டின் வாகன நிறுத்தம், தெற்குக் கோடி.
பயணிகள்: ஒருவர்.

எந்த வீடியோவும் இப்படித்தான் தொடங்கும்.
பத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய கை,
பதிவேட்டை நிரப்பாமல் சாவியைத் திருப்பாது.

இடுப்பில் அறுவை நடந்தது.
மருத்துவச் சான்று கிடைக்கவில்லை.
அப்புறம் சம்பளம், அப்புறம் வாடகை,
நிறுத்தம் நிறுத்தமாக
ஒவ்வொன்றாய் இறங்கிப் போயின.

"யார் பார்க்க எடுக்கிறாய்?"
பக்கத்து வேனில் வசிக்கும் ஆர்னெசன் கேட்டான்.
நேற்று எங்கே இருந்தாய் என்று
நாளைக்கு யாராவது கேட்டால்
காட்ட ஏதாவது வேண்டாமா, என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
அவன் நாய் வந்து லென்ஸை நக்கியது.
அந்த ஈர மங்கல் முப்பது வினாடி
இன்னும் என்னிடம் இருக்கிறது.

இருப்பது ஒரே மெமரி கார்டு. கட்டைவிரல் நகம் அளவு.
நவம்பரிலேயே நிரம்பிவிட்டது.
அன்றிலிருந்து
ஒரு நாளை வைத்துக்கொள்ள
ஒரு நாளைக் கொல்ல வேண்டும்.

முதலில் அழகானவற்றை அழித்தேன்.
ஏரி, பனியில் நின்ற காட்டெருமை, ஐடஹோவின் அந்தி எல்லாம்.
அவை யாரிடமும் கிடைக்கும்.
பென்டில்டன் சலவைக்கடையில்
என் இரண்டே போர்வைகள் சுற்றிச் சுற்றி வருவது
யாரிடம் கிடைக்கும்?
பிடுங்கிய கடைவாய்ப்பல்லை
உள்ளங்கையில் வைத்துக் காட்டினேனே, அது?

ஸ்போகேனில் அக்கா வீட்டுக்கு எதிரே நாலு நிமிடம்.
மணி அடிக்கவில்லை.
சமையலறை விளக்கு அணைகிறது, அவ்வளவுதான்.
"அழிக்கவா?" என்று போன் கேட்கும்.
மூன்று முறை 'ஆம்' வரை போய்
விரலை எடுத்துக்கொண்டேன்.

பேருந்தில் கடைசி இருக்கைக்குப் பின்னால்
ஒரு பொத்தான் உண்டு, உங்களுக்குத் தெரியுமா?
பயணம் முடிந்து இன்ஜினை அணைத்ததும்
ஓட்டுநர் எழுந்து நடந்து போய்
ஒவ்வொரு இருக்கையாய்க் குனிந்து பார்த்து
அதை அழுத்த வேண்டும்.
அதுவரை பஸ் அலறும்.
தூங்கிப்போன ஒரு குழந்தை
பூட்டிய பஸ்ஸில் தனியாய் விழித்துவிடக் கூடாது என்பதற்காக.
தினமும் நான்கு முறை, பத்தொன்பது வருடம்.
கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

போன பிப்ரவரி. பூஜ்யத்துக்குக் கீழே இருபது.
பேட்டரி செத்துவிடாதிருக்க
போனைப் போர்வைக்குள் நெஞ்சோடு வைத்துப் படுத்தேன்.
எங்கோ பட்டு அழுந்தியிருக்கிறது.
ஐந்து மணி நேரம் பதினோரு நிமிடம், முழுக்க இருட்டு.
என் இரண்டு வாரத்தின் இடத்தை
அந்த இருட்டு தின்றுவிட்டது.

அழிக்கும் முன் கேட்டேன்.
மூச்சு. ஹீட்டர். மறுபடி மூச்சு.
கண்ணாடியில் தட்டல்.
"அம்மா, இங்கே தூங்கக் கூடாது."
"ஒருத்தருக்காகக் காத்திருக்கிறேன், ஆபீசர்."
என் குரல்தான். எவ்வளவு மரியாதை அதில்!
சொன்ன நினைவே இல்லை.

பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு, தூக்கத்தில்:
ட்ரெவர், கையை உள்ளே எடு.
உட்காருங்கள், பஸ் நிற்கட்டும்.
தானியக் கிடங்கு... பாலம்... ஹட்சின்ஸ் வீட்டு வேலி...
போர்வை சரசரக்கிறது, இருக்கை கிறீச்சிடுகிறது.
நான் எழுந்து பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்.
இருட்டில் அது தெரியவில்லை,
ஆனாலும் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
"எல்லாரும் இறங்கியாச்சு."
மறுபடி மூச்சு.

நாயை அழித்தேன். பல்லை அழித்தேன்.
போர்வைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன,
அவற்றை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.
இருட்டைத் தொடவில்லை.

ஓடோமீட்டர்: அதே எண்.
பேட்டரி: நாலு சதவீதம்.
ஆர்னெசனின் வேன் நின்ற இடத்தில்
எண்ணெய்க் கறை ஒன்று.
பயணிகள்: ஒருவர்.
இல்லை, இருங்கள்,
பின்னால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.